பழைய வீடு விற்பனைக்கு: எதைத் தொட்டோம், எதை விட்டோம்

வீட்டை விற்பது என்று குடும்பத்தில் முடிவானதும் முதல் யோசனை தரகரிடமிருந்து வந்தது. ஜன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடுங்கள், பழைய பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள சிமென்ட் கல்) தரையின்மேல் பளபளப்பான டைல்ஸ் ஒட்டுங்கள், சுவர் முழுக்கப் பட்டி பார்த்து வெள்ளை அடியுங்கள், ஆள் தானாக வரும் என்றார். அக்காவுக்கு அதில் பாதி சரியென்றே பட்டது. எனக்குச் சந்தேகம். சின்ன ஊரில் இவ்வளவு பெரிய பழைய வீட்டைத் தேடி வருகிறவர் அலுமினிய ஜன்னலுக்காகவா வருவார்? அது வேண்டுமென்றால் புதுக் கட்டடமாகவே எங்கும் கிடைக்கிறது. உயர்ந்த கூரை, கனத்த கதவு, கையால் இழைத்த ஜன்னல், பூக்கல் தரை, இதற்காகத்தான் வருவார். வந்தவர் அப்புறம் மூக்கை உறிஞ்சி, சுவரில் ஈரவாடை அடிக்கிறதா என்றும் பார்ப்பார். ஆக, அவரை இழுக்கிற எதையும் அழிக்கக் கூடாது, அவரை விரட்டுகிற எதையும் மறைக்கக் கூடாது. அக்காவிடம் இதைச் சொன்னேன். "சரி, நீயே பார், ஆனால் இழுத்துக்கொண்டே போகாதே" என்றாள். கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் போனது. சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது.

பழைய வீட்டில் வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும். கீழே சுவரைப் பூசி முடித்துவிட்டு ஓடு மாற்ற மேலே ஏறினால், விழுகிற துண்டும் தூசும் பூச்சைக் கெடுக்கும். அதைவிட முக்கியம், ஒழுக்கு நிற்காமல் கீழே செய்கிற எதுவும் நிற்காது. உச்சி வெயில் நேரத்தில் பரணில் ஏறி டார்ச்சை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஓட்டு இடுக்கில் வெளிச்சப் புள்ளி தெரிந்த இடமெல்லாம் பக்கத்து ரீப்பரில், அதாவது ஓடு தாங்கும் மரப் பட்டையில், சாக்பீஸ் குறி. பிறகு டார்ச்சைப் போட்டு, மரத்தில் கறுத்து ஓடியிருக்கும் நீர்த் தாரைகளைத் தேடினேன். அறையின் மேல்தளத்தில் கறை இருக்கும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஓட்டுக்கு அடியில் இறங்கும் தண்ணீர் சரிவாக ஓடும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் வெகுதூரம் ஓடி, ஏதாவது ஆணியோ மூட்டோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். கறையிலிருந்து மேல்நோக்கித் தாரையைத் தொடர்ந்து போனால்தான் ஊற்றுக்கண் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் உடைந்த ஓடுகள் கொஞ்சம்தான். பெரிய தொல்லை இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில். இலைச்சருகு அடைத்து, அடியில் இருந்த தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. தகட்டை அகலமாக மாற்றினோம். ஓட்டுக்குப் புது ஓடு வாங்கிப் பார்த்ததில் அளவு சேரவில்லை. பழைய ஓட்டின் நீளமும் மேற்படியும் வேறு, இடையில் ஒன்றைச் செருகினால் வரிசையே தூக்கிக்கொண்டு நிற்கும். இடித்த வீடு ஒன்றிலிருந்து அதே அச்சில் பழைய ஓடு கிடைத்தது. மிஞ்சியதைப் பின்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம். வாங்குகிறவருக்கு அது வீட்டோடு போகிறது.

அடுத்தது மழைநீரை ஏந்தும் கூரைப் பீலியும் இறங்கு குழாயும். இதற்கு மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஹோஸை மேலே பிடித்துவிட்டு, ஒருவர் கீழே நின்று தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று பார்த்தால் போதும். பின்பக்கக் குழாயின் ஒரு மூட்டு, சுவர்ப் பக்கம் பார்த்தபடி விட்டுப்போயிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் குழாய் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். எத்தனை வருடமாகவோ ஒவ்வொரு மழையிலும் அந்தச் சுவரைக் குளிப்பாட்டியிருக்கிறது. உள்ளே பின்னறையில் பெயின்ட் உரிந்து பொரிந்து நின்ற இடம் சரியாக அதற்கு எதிரில்.

வெளியே தரைமட்டம் இன்னொரு குற்றவாளி. பழைய வீடுகளைச் சுற்றி மண் ஏறிக்கொண்டே போகும். பூச்செடிக்கு ஒரு தடவை, நடைபாதைக்கு ஒரு தடவை, அதன்மேல் இன்னொரு தடவை சிமென்ட். கடைசியில் வெளித்தரை உள்தரையைவிட மேலே போய்விடுகிறது. அப்படியிருந்தால் சுவருக்குள் என்ன மருந்து ஏற்றினாலும் ஈரம் வரத்தான் செய்யும். உள்தரையைவிடக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி மண்ணை வெட்டி எடுத்தோம். சுவரை ஒட்டியிருந்த சிமென்ட் பட்டையை உடைத்தெடுத்துவிட்டு, அங்கே சல்லி நிரப்பினோம். அதற்கு அப்பால் தரை வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி மட்டம். சுவர் அடியில் ஈரம் இருந்தால் அது வெளியே ஆவியாக ஒரு வழி வேண்டும். சிமென்ட் பட்டை அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் மேலே ஏறும்.

இனி சுவர். இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான்.

முதலில் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சதுரம் வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டிச் சில நாள் விட்டோம். தாளின் அறைப்பக்கம் துளி கட்டினால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும். சுவர்ப்பக்கம் நனைந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான் நனைந்தது.

இரண்டு கொத்தனார்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாமவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். "வாட்டர் ப்ரூஃப் கலந்து மேல ஒரு கோட்டு சிமென்ட் பூசிட்டா போதும் தம்பி, அம்சமா நிக்கும்." இரண்டாமவர் வயதானவர். கரணையின் பிடியால் சுவரை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே போனார். ஓர் உயரத்துக்குக் கீழே சத்தம் வெற்றாகக் கேட்டது. அங்கே யாரோ முன்பே சிமென்ட் பூசியிருக்கிறார்கள், அது சுவரை விட்டு விலகிப் பொரிந்து நிற்கிறது. "ஏற்கெனவே பண்ணதுதான்யா இது. சுவத்துக்கு மழைக்கோட்டு மாட்டிட்டு உள்ள தண்ணிய ஊத்துன மாதிரி" என்றார். அவரையே வைத்துக்கொண்டோம்.

அவர் சொன்னதன் கணக்கு இது. போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824-இல். அது சாதாரண வீடுகளுக்கு வந்துசேர இன்னும் வெகுகாலம் பிடித்தது. அதுவரை செங்கல்லைச் சேர்த்துப் பிடித்ததும் மேலே பூசியதும் பெரும்பாலும் சுண்ணாம்புதான். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் நிறைய. சுவரில் ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியே ஆவியாகிவிடும். கூடவே வருகிற உப்பும் பூச்சில் படியும். பூச்சு மெல்ல உதிரும், பல வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், உள்ளே செங்கல் பத்திரமாக இருக்கும். அதன்மேல் கெட்டியான சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. ஈரம் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற விளிம்பில் கறையாகக் கிளம்பும். உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னாலேயே படிகமாகிப் பருத்து, அந்த முகத்தையே உடைத்துத் தள்ளும். பூச்சு மெலிந்ததாக இருந்து அது உதிர்வது நல்லது, கெட்டியாக இருந்து செங்கல் உதிர்ந்தால்தான் பெரிய செலவு. சிமென்ட்டைக் குறை சொல்லவில்லை. அதற்கென்று கட்டிய சுவரில் அது சரியான பொருள்தான்.

சிமென்ட் பூச்சை எடுக்கும்போது இடிக்கிற மிஷின் வேண்டாம் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன் அதிர்வில் பக்கத்து நல்ல பூச்சும் விட்டுப்போகும். உளியைச் சுவருக்குக் கிடையாகச் சாய்த்துப் பிடித்து, வெற்றுச் சத்தம் கேட்ட இடத்தில் தொடங்கி, பாளம் பாளமாகப் பெயர்த்தோம். சில இடங்களில் செங்கல்லின் முகமும் சேர்ந்தே வந்தது. ரொம்பக் கெட்டுப்போன கற்களை மட்டும் தோண்டியெடுத்துவிட்டு, அதே அளவு பழைய கல்லை வைத்தோம். இடுக்குகளில் பொடிந்த கலவையைக் இடுக்கின் அகலத்துக்குத் தகுந்த ஆழத்துக்குச் சுரண்டி விட்டோம். புதுப் பூச்சுக்கு அதுதான் பிடிப்பு.

உப்பு வெள்ளைப் பூஞ்சணம்போல் பூத்திருந்தது. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ எல்லாருக்கும் கை பரபரக்கும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கீழே விரித்த தாளில் சேர்த்து வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சில நாளில் மறுபடி பூக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வரும்.

அப்புறம் காய விடுவது. கனத்த சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் காயும் என்று கட்டட வேலையில் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. காற்று, வெயில், சுவரின் தன்மையைப் பொறுத்து அது கூடும் குறையும். பெரிய ஹீட்டர் வைத்து வாட்டக் கூடாது, மேற்பரப்பு மட்டும் காய்ந்து விரிசல் விடும். இந்தக் கட்டத்தில் தரகர் வந்து பார்த்துவிட்டு, செங்கல் பல்லிளிக்கிற அறையை யாருக்குக் காட்டுவது என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பழுதுபார்த்து முடிக்கும்வரை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவருக்கும் அதில் நிம்மதிதான்.

சுண்ணாம்பு வேலையில் ஒரு சுழற்சி இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலிருந்து கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுப்போகும். அதைச் சுவரில் பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். ஆக, இது காய்ந்து இறுகுவதில்லை, காற்றை வாங்கி இறுகுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். சீக்கிரம் காய்ந்துபோனால் இறுகாமல் பொடியாகவே நின்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சு நிற்காது என்று சொல்கிறவர்களில் பலர் பார்த்தது, வெயிலில் வாட விட்ட பூச்சைத்தான்.

நீற்று ஊறிய சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பெரியவர் செய்து காட்டினார். நன்றாக உலர்ந்த மணலை ஓர் அளவுப் பாத்திரத்தில் நிரப்பி, இன்னொரு அளவுப் பாத்திரத்திலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றினார். மணல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்து நின்றபோது மணலின் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் உள்ளே போயிருந்தது. மணலுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்புகிற அளவுதான் சுண்ணாம்பு. மணல் மாறினால் கணக்கும் மாறும், அதனால் ஒவ்வொரு புது மணலுக்கும் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. மணல் பெரிதும் சிறிதும் கலந்து, முனை கூராக இருக்க வேண்டும். ஒரே அளவான மழமழ மணல் ஆகாது. கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் வண்டல் தனி அடுக்காக மேலே படியும், அது தடிமனாக இருந்தால் மணலைக் கழுவ வேண்டும்.

பூசுவதற்கு முன்னால் சுவரை நனைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் பூச்சிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். முதல் பூச்சைக் கரணையால் வீசி அடித்தார். ஒவ்வொரு அடுக்கும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு மிகாமல். இறுகத் தொடங்கியதும் ஆணி அடித்த பலகையால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அடுத்த அடுக்குக்குப் பிடிப்பு. காயும்போது நுண்ணிய விரிசல் விடும், பயப்பட வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் நகத்தால் கீறினால் மட்டும் கோடு விழுகிற பதத்தில், மணியாசக் கட்டையை (பூச்சைச் சமன்படுத்தும் தட்டைப் பலகை) வைத்து அழுத்தித் தேய்த்தால் விரிசல் மூடிக்கொள்ளும். அந்தப் பதம் தப்பக் கூடாது. அதற்காக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் டார்ச்சோடு போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஜன்னலில் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தோம்.

ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பு சாதுவாகத் தெரியும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கிற அளவுக்குக் காரம் உள்ளது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இவ்வளவு பாடும் வீண், துளையெல்லாம் அடைந்துபோகும். அதனால் வெள்ளையடிப்புதான். தண்ணீராகக் கரைத்து, சுவரை நனைத்து, மெல்லிசாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாததுபோல் சுவர் அப்படியே தெரியும், காயக் காய வெளுக்கும். இது தெரியாமல் முதல் கையிலேயே கெட்டியாக அடித்தால் பொருக்கு விட்டு உதிரும். மெல்லிசாகப் பல கை அடிப்பதுதான் வழி.

விரிசல்களுக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. விரிசலுக்குள் பழைய பெயின்ட்டும் தூசும் படிந்திருந்தால் அது எப்போதோ வந்து நின்றுபோன விரிசல். உள்ளே வெளிறிச் சுத்தமாக இருந்தால் புதிது. புதிதாகத் தெரிந்த ஒன்றின்மேல் ஜிப்ஸம் கலவையில் ஒரு பட்டை வைத்து, அதில் தேதி எழுதினோம். சுவர் அசைந்தால் பட்டை வெடிக்கும். அந்த ஓட்டைக் குழாயின் தண்ணீர் மூலையில் மண்ணை அரித்திருந்ததுதான் காரணம்போல. குழாயைச் சரிசெய்த பிறகு பட்டை வெடிக்கவில்லை. அதை அப்படியே விட்டிருக்கிறோம், வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பட்டை வெடித்து விரிசலும் அகன்றுகொண்டே போயிருந்தால், கொத்தனாரை விட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டிருப்பேன்.

கதவுகள் எல்லாமே தரையில் உரசின. தச்சர் வந்ததும் இழைப்புளியை எடுக்கப் போனார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கதவு ஊதிப்போய் இடிப்பதைவிட, மேல்கீல் தளர்ந்து தொங்கி இடிப்பதுதான் அதிகம். திருகாணி உட்கார்ந்த துளை பெருத்துவிட்டால் ஆணி பிடிக்காது. துளையைத் துளைத்துச் சுத்தமாக்கி, பசை தடவிய மரக் குச்சியை இறுக்கி அடித்து, மறுநாள் அதில் திருகாணி ஏற்றினோம். ஒன்றைத் தவிர மற்ற கதவுகள் இழைக்காமலே மூடின. இழைத்திருந்தால், அப்புறம் கீலைச் சரிசெய்யும்போது அடியில் விரல்கடை இடைவெளி நின்றிருக்கும்.

ஜன்னலுக்கு வருவோம். தரகர் கழற்றச் சொன்ன அந்த ஜன்னல்களில் உளுத்திருந்தது பெரும்பாலும் கீழ்ச் சட்டமும் அதன் மூலைப் பொருத்தும்தான். தண்ணீர் வந்து தங்குகிற இடம் அதுதான். மேலே இருக்கும் மரம் இரும்புபோல் இருக்கிறது. நெருக்கமான வளையங்கள் கொண்ட, நிதானமாக வளர்ந்த பழைய மரம். இன்று அதே தரத்தில் மரம் கிடைப்பது அரிது. குத்தூசியால் குத்திப் பார்த்து, ஊசி மெத்தென்று இறங்கிய இடமெல்லாம் பென்சில் கோடு போட்டோம். நல்ல மரம் வருகிறவரை வெட்டி எடுத்து, அதே வகைப் பழைய மரத்தில் ஒட்டுத் துண்டு செய்து சேர்த்தார் தச்சர். ஒட்டும் வெட்டை வெளிப்பக்கம் சாய்வாக வைத்தார், மழைத் தண்ணீர் இணைப்பில் தங்காமல் வழிந்துவிடும். நார் திசையும் பழைய சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு மாதிரி ஊதிச் சுருங்கி இணைப்பு விட்டுப்போகும். மரத்தின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உளுக்க வைக்கும் பூஞ்சை தலையெடுப்பதில்லை. இரண்டு ஊசி உள்ள ஈரமானியால் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம்.

கண்ணாடியைப் பத்திரமாக எடுப்பதுதான் கஷ்டம். அந்தக் கண்ணாடி வழியாகத் தோட்டத்தைப் பார்த்தால் மரங்கள் லேசாக நெளியும். அலெஸ்டர் பில்கிங்டன் உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை 1950-களில் உருவாக்கினார், 1959-இல் அதை அறிவித்தார்கள். அதற்கு முந்தைய சாதாரண ஜன்னல் கண்ணாடியில் இந்த நெளிவும் குமிழும் சகஜம். காலப்போக்கில் கண்ணாடி வழிந்து இப்படி ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள். அது உண்மையில்லை, செய்யும்போதே வந்த நெளிவு. உடைந்தால் அதேபோல் வாங்க முடியாது என்பதால், கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய மக்கை அவசரப்படாமல் சுரண்டினோம். எல்லாக் கண்ணாடியும் தப்பவில்லை. முன்பக்க ஜன்னலில் உடைந்ததற்குப் பின்பக்கத்துக் கண்ணாடியை எடுத்து வைத்து, பின்பக்கத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டோம்.

மக்கு என்றால் ஆளிவிதை எண்ணெயும் சாக் பொடியும் பிசைந்தது. வெறும் மரத்தில் நேரடியாக வைத்தால் மரம் எண்ணெயை உறிஞ்சிவிட்டு, மக்கு வெடித்து உதிரும். அதனால் கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் முதலில் எண்ணெய் தடவி ஊறவிட வேண்டும். மக்கின்மேல் தோல் கட்டிய பிறகுதான் பெயின்ட். பெயின்ட் மக்கைத் தாண்டிக் கண்ணாடியின்மேல் ஒரு மயிரிழை ஏற வேண்டும். அந்த ஓரம்தான் தண்ணீர் உள்ளே போகாமல் காக்கிறது. நறுவிசாக வேலை செய்கிறேன் என்று பிளேடால் கண்ணாடி ஓரத்தைச் சுத்தமாகச் சுரண்டுகிறவர்கள் அந்தக் காப்பைத்தான் சுரண்டி எடுக்கிறார்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு கிளம்பும், குவியலாகக் கிடந்தால் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பழைய பெயின்ட்டை எடுப்பதற்கு முன்னால் ஈயச் சோதனை செய்தோம். வெள்ளை ஈயத்தின் தீங்கு புதிதாகத் தெரிந்த விஷயமில்லை. வீட்டுக்குள் அடிக்கும் பெயின்ட்டில் அதைத் தடுக்க 1921-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. அப்படியும் அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை 1978-இல்தான் வந்தது. ஆகவே பழைய வீட்டின் அடி அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குவது நல்லது. எங்கள் ஜன்னல்களில் இருந்தது. உலர்ந்த உப்புத்தாள் கூடாது, தீ ஊதும் கருவியும் கூடாது. ஒன்று நுண்தூசு, மற்றொன்று நச்சுப் புகை. தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளில் சேர்த்து, தாளோடு சுருட்டிக் கட்டினோம். நுண்துகள் தடுக்கும் முகமூடி போட்டுக்கொண்டோம். அக்கா வீட்டுக் குழந்தைகள் அந்த வேலை முடிகிறவரை வரவில்லை. பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்த இடங்களில் சுரண்டவே இல்லை, மேலே புது அடுக்கு அடித்து மூடிவிட்டோம்.

தரையில் செய்தது கொஞ்சம்தான். பூக்கல்லுக்கு ஆசிட் ஊற்றச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊற்றினால் அந்த நிமிடம் பளிச்சென்று இருக்கும். சிமென்ட்டில் வார்த்த அந்தக் கல்லின் வண்ணம் மேலே சில மில்லிமீட்டர் தடிமன்தான், ஆசிட் அதையே தின்னும். காரமும் புளிப்பும் இல்லாத சோப்பு, மெல்லிய பிரஷ், நிறையத் தண்ணீர் வேண்டாம். கூடத்து நடுவில் உடைந்திருந்த கற்களுக்கு, பெரிய அலமாரிக்கு அடியில் யாரும் மிதிக்காத கற்களை எடுத்து வைத்தோம். அலமாரி அடியில் சாதாரணக் கல் போட்டாகிவிட்டது. புதிதாக வைத்தவை நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகின்றன, புழக்கத்தில் அடங்கிவிடும்.

மின்சாரத்தில் நான் கை வைக்கவில்லை. ரப்பரும் துணியும் சுற்றிய பழைய வயர் தொட்டால் பொடிந்தது, எர்த் இல்லை. உரிமம் பெற்றவரைக் கூப்பிட்டு முழுவதும் மாற்றி, 30 மில்லிஆம்பியரில் விழுகிற கசிவுத் தடுப்பு சுவிட்ச்சும் போட்டாயிற்று. வயரைப் பரண் வழியாகவே கொண்டுபோனதால் சுவர்களை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

தொடாமல் விட்டவையும் உண்டு. வாசற்படியின் தேய்வு, மாடிப்படிக் கைப்பிடியின் கீறல், கூடத்துத் தரையின் லேசான சாய்வு. சமையலறையைச் சுத்தம் செய்ததோடு சரி. யார் வாங்கினாலும் அதைத் தன் இஷ்டப்படி மாற்றத்தான் போகிறார்கள், அதில் நாங்கள் பணம் போட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு போட்டோம். சுவரை மூடுவதற்கு முன்னால் எடுத்த படங்கள், வயர் போகும் பாதை, கலவையின் கணக்கு, எந்த ஜன்னலில் எந்தத் துண்டு புதிது, ஈயப் பெயின்ட் எங்கே மூடிக் கிடக்கிறது, எல்லாம் தேதியோடு. விளம்பரத்திலும் செய்ததை எழுதிவிட்டு, செய்யாததையும் எழுதச் சொன்னேன். தரகர் தயங்கினார், அக்கா அவரை ஒத்துக்கொள்ள வைத்தாள். இப்படி எழுதினால் வெறும் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள் என்றாள். அப்படியேதான் ஆனது.

பிடித்துப்போய்த் திரும்ப வந்த ஒரு குடும்பம் பரிசோதகர் ஒருவரைக் கூட்டிவந்தது. அவர் ஈரமானியைப் பின்னறைச் சுவரில் வைத்ததும் முள் எகிறியது. அவர்கள் முகம் மாறிவிட்டது. நல்லவேளை, அவர் விஷயம் தெரிந்தவர். இந்தக் கருவி மின்கடத்தலை அளப்பது, மரத்துக்கென்று செய்தது, சுவரில் உப்பு இருந்தால் ஈரம் இல்லாவிட்டாலும் ஏற்றித்தான் காட்டும் என்று அவரே விளக்கினார். நாங்கள் ஒத்துக்கொண்டதும் சுவரின் அடியிலும் இடுப்பு உயரத்திலும் மெல்லத் துளையிட்டுத் தூளை எடுத்து, காற்றுப்புகா டப்பாவில் அடைத்துக்கொண்டு போனார். எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட்டால்தான் உண்மையான ஈரம் தெரியும். இடுப்பு உயரத்தில் காய்ந்துவிட்டது, அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று முடிவு வந்தது.

அந்த முடிவையும் கோப்பில் சேர்த்துக்கொண்டுதான் பேரம் பேசினார்கள். கொஞ்சம் குறைத்தார்கள், நாங்களும் இறங்கினோம். அந்தச் சுவரில் அடுத்த வறண்ட காலம் முடிகிறவரை வெள்ளையடிப்பைத் தவிர வேறு பெயின்ட் அடிக்க வேண்டாம், அலமாரியை ஒட்டிப் போட வேண்டாம், பீலியில் சருகு அள்ளுவதை மறக்க வேண்டாம் என்று பெரியவர் சொன்னதை எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவருடைய எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள், முன்திண்ணைப் பூச்சை அவரை வைத்தே செய்யப்போகிறார்களாம்.